பாதி இலையில் எந்திரிச்சவ

வேண்டாம்க்கா. தப்பா நெனைச்சுக்கிடாதிய. ஆரஞ்சு நல்ல பழம், மணத்துலயே தெரியுது. எனக்குத்தான் வேண்டாம். விரதமெல்லாம் இல்ல. இப்பதான் ஒரு பிடி சோறு சாப்பிட்டுட்டு பஸ் ஏறுனேன். இனி ராத்திரி வரைக்கும் இந்த வயித்துல ஒரு சொளைக்குக்கூட எடம் கெடையாது.

சிரிக்கிய. நெசமாத்தான் சொல்லுதேன். அந்த ஒரு பிடிச் சோத்தத் திங்கதுக்குத்தான் காலையில புளியங்குடியில பஸ் ஏறி, தென்காசியில மாறி, அம்பாசமுத்திரம் வந்தேன். தின்னாச்சு, திரும்பிப் போறேன். சம்பந்தம் பேசுன வீட்டுல கை நனைச்சாச்சு. இனி எவன் என்ன சொல்லுதான்னு பாத்துருவோம்.

நீங்களும் தென்காசி வரைக்கும் தான? அப்ப நேரம் கெடக்கு. சன்னல நல்லாத் தள்ளி விடுங்க, காத்து வரட்டும். எண்ணெ வாடை, டீசல் வாடை எதுவும் எனக்கு இப்ப ஆகாது. இந்தப் பையா? அதுக்குப் பெறவு வாரேன்.

எனக்குச் சக்கரை வியாதி. சத்தமாவே சொல்லுதேன், கண்டக்டருக்கும் கேக்கட்டும். இத்தன நாளு ஒளிச்சு வச்சதுதான் எல்லா வினைக்கும் காரணம். ஒளிக்கச் சொன்னது நான் இல்ல, என் தம்பி சண்முகவேலு. நான் யாரு பேச்சையும் கேக்கிறவ இல்ல. அன்னைக்கு மட்டும் அவன் பேச்சக் கேட்டேன்.

நான் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவ. உலகம்மான்னு கேட்டா எங்க தெருவுல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். என் கையால சோறு வாங்கிட்டு ஒரு பிள்ள தட்டுல மிச்சம் வச்சுட்டுப் போயிர முடியாது. பக்கத்துலயே நிப்பேன். போதும் ஆயான்னு கண்ணக் கசக்கினாலும் இன்னும் ஒரு கரண்டி வச்சுட்டுத்தான் விடுவேன். பிள்ளையளுக்கு என்ன தெரியும், பசிச்சாலும் போதும்னுதான் சொல்லும்.

அப்படி நின்னுக்கிட்டே வேலை பாக்கையில ஒருநா செருப்புக்குள்ள ஒரு கல்லு கெடந்துருக்கு. சுண்டைக்காய் தண்டிக்கு ஒரு கல்லு. பகல் பூரா அது மேலயே நின்னு சோறு வடிச்சிருக்கேன், எனக்குத் தெரியல. சாயங்காலம் செருப்பக் கழத்தினா ரத்தம். வலிச்சாத்தான தெரியும்? பாதத்துல உணர்ச்சி செத்துப் போயிருக்கு, அதுவும் சக்கரையோட வேலைதானாம். அந்தப் புண்ணு ஆறவே இல்லக்கா. தைப்பொங்கலுக்கு வந்த புண்ணு சித்திரை பொறந்தும் அப்படியே கெடந்துச்சு. மேல மூடும், உள்ளுக்குள்ள சீழு வைக்கும்.

மாத்திரைக்கு அடங்கல. டாக்டரு சொன்னாரு, வாரத்துக்கு ஒருக்கா போடுற ஊசி இருக்கு, நீங்களே வயித்துல போட்டுக்கிடலாம், சக்கரையும் அடங்கும், உடம்பும் கொறையும்னு. பாக்க எழுதுற பேனா மாதிரித்தான் இருக்கும். மூடியக் கழத்தி, அளவத் திருகி, வயித்துல வச்சு அமுக்கணும். கோயமுத்தூர்ல வேலை பாக்கிற எம்மவ செல்விதான் வாங்கித் தாரா. விலைய மட்டும் கேக்காதிய, என்கிட்டயே அவ சொல்ல மாட்டேங்கா.

வலியா? கொசுக்கடி. வலிக்கெல்லாம் பயப்படாதிய. அதுக்குப் பெறவுதான் கூத்தே. பசின்னு ஒண்ணு இருந்துச்சே, அது எங்க போச்சுன்னு தெரியல. கருவாட்டுக் கொழம்பு வாசம் வந்தா தெரு முனையிலயே என் நடை வேகமாவும். இப்ப அதே வாசத்துக்கு மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுதேன். நாலு வாய் தின்னா நாப்பது வாய் தின்ன மாதிரி வயிறு கல்லாக் கெடக்கும். மேல வாந்தி, கீழ மலச்சிக்கல். ஏப்பம் வரும் பாருங்க, அழுவின முட்டை வாடை. கோயில்ல சாமி முன்னால வந்துருச்சு ஒருநா, பக்கத்துல நின்னவ என்னப் பாத்த பார்வை இருக்கே! மூஞ்சி வேற வத்திப்போச்சு. எதுக்க வாரவ எல்லாம், என்னளா உலகு, ஏதும் பெரிய சீக்கான்னு கொரலத் தாழ்த்திக்கிட்டுக் கேப்பாளுவ.

எத்தன நாளு வாந்தி இருந்துச்சுன்னா கேக்கிய? மொத மாசம் பாடாப்படுத்துச்சு. பெறவு கொறைஞ்சுச்சு. டாக்டரு அளவக் கூட்டுனாரு, மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பம். அவர்ட்ட சொன்னியளான்னா, சொல்லல. அவரு கேக்கல, நான் சொல்லல. கேக்காம எதுக்குச் சொல்லணும்?

ஆனா ஒண்ணு. ஆவணியில ஒருநா கால் கட்டப் பிரிச்சுப் பாத்தேன். புண்ணு காஞ்சிருந்துச்சு. விரல வச்சு அமுக்கிப் பாத்தேன், சீழு இல்ல, ஈரம் இல்ல, புதுத் தோலு. அடுப்படியில அப்படியே உக்காந்து அழுதுட்டேன்க்கா. சந்தோசத்துலதான். ருசி இல்லாமக்கூட வேலைக்குப் போயிரலாம், காலு இல்லாம அண்டாவ எவ எறக்குவா? அன்னைக்கு முடிவு பண்ணேன், நாக்கு செத்தாலும் சரி, இந்த ஊசிய விடுறதில்லன்னு.

எங்க வீட்டு மனுஷனப் பாத்தவ நான். எலுமிச்சங்கா மண்டியில காய் தரம் பிரிக்கிற வேலை அவியளுக்கு. தங்கமான கொணம். யாரு கூப்பிட்டாலும் போவாவ, யாரு வச்சாலும் திம்பாவ. எனக்குச் சக்கரை, பாயசம் வேண்டாம்னு சொன்னா கூப்பிட்டவுக மனசு நோவுமாம். வைக்கிறவனுவளும் விட மாட்டானுவ. ஒரு வாய்ல என்னய்யா ஆயிரப்போவுது, ஒரு வாய்ல என்னய்யா ஆயிரப்போவுது, இதே பாட்டு. மொதல்ல ஒரு வெரலு போச்சு. பெறவு பாதம் போச்சு. பெறவு முட்டுக்குக் கீழ எடுத்தாவ. அதோட ஆளும் போயிட்டாவ. அந்த ஒரு வாய்தான் எம்புருசன முழுசாத் தின்னுது. இன்னைக்கும் எவனாவது என் காதுபட அந்த வார்த்தையச் சொன்னா நாக்க இழுத்து வச்சு அறுக்கணும்னு தோணும்.

வீட்டுலயா? வீட்டுல நான் பாத்துப் பாத்துத்தான் குடுப்பேன். தீவாளிக்கு அதிரசம் சுட்டா மொத அதிரசம் அவியளுக்குத்தான். ஆஸ்பத்திரியில இருக்கையிலயும் கேட்டாவ, தூக்குல கொண்டு போயிக் குடுத்தேன். ஆசப்பட்டுக் கேக்கிற மனுஷனுக்கு இல்லன்னு சொல்ல வாய் வருமா? அது வேறக்கா. பொண்டாட்டி குடுக்கிறது பாசம். ஊரான் குடுக்கிறது வீம்பு.

சரி, கதைக்கு வாரேன். எம்மவ செல்விக்கு அம்பாசமுத்திரத்துல ஒரு எடம். பையன் பேரு கைலாசு. ரெண்டும் கோயமுத்தூர்ல ஒரே ஆபீசு, அதுகளாப் பேசி முடிச்ச காரியம். நல்லவேளையா நம்ம ஆட்களா அமைஞ்சு போச்சு, அதனால பெரியவங்க பேசி முடிச்ச மாதிரி ஊருக்குக் காட்டிருவோம்னு, நடுவுல ஒரு தரகரையும் வச்சு ஏற்பாடு. அவங்க வந்து பொண்ணப் பாத்துட்டுப் போனாவ. ஐப்பசியில நாங்க மாப்பிள்ள வீடு பாக்கப் போனோம்.

வழக்கந்தான் உங்களுக்குத் தெரியுமே. முடிவாவாத வீட்டுல தண்ணி குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். இலையில உக்காந்து கை நனைச்சுட்டா சம்மதம்னு அர்த்தம். நனைக்காம எந்திரிச்சா, பிடிக்கலன்னு அர்த்தம். வாயத் தொறந்து சொல்லவே வேண்டாம்.

வண்டியில போவையிலயே சண்முகவேலு காதக் கடிச்சான். ஊசின்னு மூச்சு விட்டுறாத, அத்தானும் சக்கரையிலதான் போனாவ, நீயும் ஊசி போடுதன்னா சக்கரைக் குடும்பம்னு சம்பந்தத்த முறிச்சிருவாவன்னான். சரின்னுட்டேன். அதுக்கு முந்துன நாள்தான் கூட்டுன அளவுல ஊசி போட்டிருந்தேன். வாரத்துல எந்தக் கெழமைக்கு எந்த வேலைன்னு எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு, கல்யாணப் பேச்சுக்காவ மாத்த முடியுமா?

பையனோட அம்மா பேரு சொர்ணம். சொர்ணத்தோட கைமணம் அந்தத் தெருவுக்கே தெரியும்னு சொன்னாவ. அன்னைக்கு தேங்காப்பால் ஊத்தி சொதிக் கொழம்பு வச்சிருக்கா. மறுவீட்டுக்கு வைக்கிற சொதிய அன்னைக்கே வச்சிருக்கான்னா, எம்மவள மருமவளா மனசுக்குள்ள ஆக்கிட்டான்னு தான அர்த்தம்? இஞ்சிப் பச்சடி, உருளைக்கெழங்கு பொரியல், பருப்பு, அது மேல நெய். அந்த நெய் வாசம் வந்து மூக்குல ஏறுச்சு பாருங்க. வாய்ல வச்ச மொத உருண்டை உள்ள போவ மாட்டேங்கு, வெளிய வரப் பாக்கு. சண்முகவேலு எதுத்தாப்புல உக்காந்து கண்ணாலயே முழுங்குன்னு மெரட்டுதான். முடியல. இலையில இருந்து எந்திரிச்சு ஓடுனேன். பொண்ணப் பெத்தவ, பந்தியில, பாதி இலையில.

பின்னால முருங்க மரத்தடியில நின்னு வாந்தி எடுத்தேன். திரும்பிப் பாக்கேன், சொர்ணம் செம்புத் தண்ணியோட நிக்கா. என்ன மதினி, கொழம்புல ஏதும் விழுந்து கெடந்துச்சான்னு கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பஸ்ஸுல வந்த பித்தம்னேன். வாடகைக் காருல போயி எறங்கிட்டு, பஸ்ஸுல வந்த பித்தமாம்! உள்ள வந்து பாத்தா பந்தியே எந்திரிச்சாச்சு. எங்க ஆட்கள் ஒருத்தரும் கை நனைக்கல.

தரகர்ட்ட சொல்லி விட்டா சொர்ணம். என் சோறு எறங்காத வீட்டுப் பொண்ணு நாளைக்கு என் கையால சாப்பிடுவாளான்னு. அது போதாதுன்னு, அந்தம்மா வத்திப் போயிக் கெடக்கு, பெரிய சீக்கா இருக்கும்னு வேற பேச்சு. செல்வி போன்ல ஒண்ணுஞ் சொல்ல மாட்டா. என்னம்மா, சாப்பிட்டியான்னு கேப்பா, மூக்க உறிஞ்சுவா, வச்சிருவா. பெத்த வயிறு, எனக்குத் தெரியாதா? நான் திங்காத சோத்துக்கு எம்பிள்ள அங்க உக்காந்து அழுவுதா.

கூடிப் பேசுனாவ எங்க ஆட்கள். சண்முகவேலுதான் தீர்ப்பு சொன்னான். அக்கா, கொஞ்ச நாளைக்கு ஊசிய நிப்பாட்டு. பசி வரட்டும், கன்னத்துல சதை வரட்டும். திரும்பப் போயி அந்தம்மா கையால ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னுட்டு வா, எல்லாம் சரியாயிரும்னான். அத்தனை பேரும் தலைய ஆட்டுனாவ. நிப்பாட்டுனேன். ஆமா, அதுவும் அவன் பேச்சுதான். எம்மவளுக்காவக் கேட்டேன்.

பசி வந்துச்சுக்கா. அய்யோ, அத எப்படிச் சொல்ல! பழைய சோத்துக்கு வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே தின்னேன். கருவாட்டுக் கொழம்பு வச்சு, சட்டிய வழிச்சு, அதுல சோத்தப் போட்டுப் பெரட்டித் தின்னேன். செத்துப்போன சொந்தக்காரவ திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. மூஞ்சி தெளிஞ்சுச்சுன்னு எல்லாவளும் சொன்னாளுவ. பெறவு ஒருநா செருப்பக் கழத்துதேன், ஈரம். பழைய எடத்துலயே வெடிச்சு, தண்ணி விட்டுருந்துச்சு.

அந்த ஈரத்தத் தொட்ட கையோட செல்விக்குப் போனப் போட்டேன். கத்துனா பாருங்க! யாரக் கேட்டும்மா நிப்பாட்டுன? உன் கால வித்து எனக்கு மாப்பிள்ள வேண்டாம். நீ சாப்பிட்டாத்தான் கல்யாணம்னா அந்தக் கல்யாணம் நிக்கட்டும்னா. டாக்டரும் கத்துனாரு. வாந்தியச் சொல்லியிருந்தா அப்பவே அளவக் கொறைச்சிருப்பேன், திடீர்னு நிப்பாட்டலாமான்னு. மறுபடி சின்ன அளவுல இருந்து ஆரம்பிச்சு விட்டாரு, எண்ணெ நெய்யக் கொறைங்க, கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்கன்னாரு. இப்ப புண்ணு காஞ்சுக்கிட்டு வருது. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா அந்த டாக்டரு?

இன்னைக்கு எனக்கு ஊசிக் கெழமை. காலையில எந்திரிச்சேன். பேனாவ எடுத்தேன். போடப்போற நேரத்துல ஒரு கோவம் வந்துச்சு. நான் என்ன திருடுதேனா? எதுக்கு இத அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டுப் போடணும்? ஐஸ் போட்ட பிளாஸ்குல பேனாவ வச்சேன், பஸ் ஏறிட்டேன். சண்முகவேலுட்ட சொல்லல. சொன்னா அவன் ஒரு தீர்ப்பு சொல்லுவான்.

போயிக் கதவத் தட்டுனா சொர்ணந்தான் தொறந்தா. வாங்கன்னு அவ சொல்லட்டும்னு காத்திருக்கல. நான் நேரா அடுப்படிக்குப் போனேன். அவ வீட்டுக்காரரு திருமலைக்கொழுந்து பின்னாலயே வந்தாரு, அண்ணாச்சி கொஞ்சம் வெளிய இருங்கன்னேன். சேலைய ஒதுக்கி, பேனாவத் திருகி, அவ கண்ணு முன்னால வயித்துல குத்துனேன். இதான் உங்க வீட்டுச் சோத்த வெளிய தள்ளுனது, உங்க கொழம்பு இல்ல. எனக்குச் சக்கரை. எம்புருசனும் அதுலதான் போனாவ. இந்த ஊசி இல்லன்னா எனக்குக் காலு இல்ல. இப்ப என்ன சொல்லுதிய சொல்லுங்கன்னு கேட்டேன்.

அவ பேனாவையே பாத்துக்கிட்டு நின்னா. அன்னைக்கே சொல்லியிருக்கலாமேன்னா. சொல்லியிருந்தா பொண்ணு எடுத்திருப்பியளான்னு கேட்டேன். இல்லன்னா. மொகத்துக்கு நேரா சொன்னாக்கா. சக்கரைக் குடும்பம்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டோம்னா. எனக்கு அது பிடிச்சுப்போச்சு. பித்தம்னு பொய் சொன்ன எனக்கு, இல்லன்னு நெசம் சொன்னவள எப்படிப் பிடிக்காமப் போவும்?

பெறவு அவளே சுவத்துல சாஞ்சு உக்காந்தா. எம்மவன் வந்து நாலு நாளாச்சு மதினி. என் வீட்டுல கை நனைக்க மாட்டேங்கான். ஓட்டல்ல தின்னுட்டு வந்து படுத்துக்கிடுதான். ரெண்டு வீட்டு ஆளும் என் சோத்தத் தள்ளிட்டிய, நான் யாருக்குத்தான் சமைக்கன்னு கேட்டா. கேட்டுட்டு முந்தானைய வச்சு மூஞ்சிய மூடிக்கிட்டா. சமைச்சு வச்சுட்டுத் திங்க ஆள் இல்லாம உக்காந்துருக்கிற கஷ்டம் எனக்குத் தெரியாதா?

இலையப் போடுங்க மதினின்னேன். ஒரு பிடி. நெய் வேண்டாம். அதுக்கு மேல ஒரு பருக்கை வச்சியன்னா எந்திரிச்சிருவேன், மறுபடியும் முருங்க மரந்தான்னேன். சிரிச்சுட்டா. ஒரு பிடி வச்சா, ரசம் ஊத்துனா. நான் ஒவ்வொரு பருக்கையா மென்னேன். அவ என் தொண்டையையே பாத்துக்கிட்டு இருக்கா. நடுவுல ஒருக்கா மேல வந்துச்சு, முழுங்கிட்டேன். அது சோறு இல்லக்கா, என் வீம்பு. இலைய மடக்கிக் கை கழுவிட்டு, வெளிய வந்து, அண்ணாச்சி, கை நனைச்சாச்சுன்னேன். மாடியில இருந்து தடதடன்னு எறங்கி வந்தான் கைலாசு. அம்மா, எனக்கும் இலையப் போடுன்னான். தைக்கு நாள் பாக்கச் சொல்லியிருக்கு.

இனி கல்யாணத்தன்னைக்கும் ஒரு பிடிதான். எவ வந்து கையப் பிடிச்சு இழுத்தாலும் ஒரு பிடிதான். ஊசி போடுதவ வேண்டாம்னா வேண்டாம்தான், அதுக்கு மேல வற்புறுத்துதது மகாபாவம்.

இதான் அந்தப் பை. பஸ் ஏறப்போவையில சொர்ணம் ஓடி வந்து கையில திணிச்சுட்டா. அவ சுட்ட முந்திரிக்கொத்து. பச்சப்பயறும் வெல்லமும் போட்டது, தொறக்கும்போதே ஏலக்காய் மணக்கு பாருங்க. சம்பந்தி வீட்டு மொதப் பலகாரம், தள்ளுதது முறை இல்ல. எனக்கோ எடம் இல்ல. நீங்க எடுங்க. எடுங்கக்கா, கூச்சப்படாதிய.

என்ன வேண்டாங்கிய? பல்லு வலியா? ஓ... உங்களுக்கும் சக்கரையா? அதான் ஊசியப் பத்தி அத்தன கேள்வியா! டாக்டரு போடச் சொல்லியிருக்காரா? போடுங்க, பயப்படாதிய, நான் இருக்கேன்லா சாட்சிக்கு. அது நாளைக்கு. இன்னும் ஊசியே ஆரம்பிக்கல, வயித்துல எடம் இருக்குல்லா? மாத்திரைதான் போட்டுருப்பிய.

அட, கைய மூடாதிய. ஒண்ணே ஒண்ணு. எம்மவ கல்யாணம் முடிவான சந்தோசத்துக்குத் தாரேன், நீங்க வேண்டாம்னு சொன்னா என் மனசு என்ன பாடுபடும்? நல்ல காரியத்துக்குக் குடுக்கிறது ஒண்ணும் செய்யாது. கைய நீட்டுங்க. ஒரு வாய்ல என்னக்கா ஆயிரப்போவுது?